நிறைக் கட்டம் வெறுமையாக இருந்த கிளினிக் கொப்பி

நாலு வருஷக் கொப்பி அது. அட்டை பிய்ந்து போய், மா பைக்கற்றின் பொலித்தீனால் மறுபடி உறை போட்டிருந்தார்கள். உள்ளே மாதத்துக்கு ஒரு பக்கம். பிரஷர், சீனி, மாத்திரை, அடுத்த திகதி எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் மேல் மூலையிலும் ‘நிறை’ என்று ஒரு கட்டம் இருந்தது. 47 பக்கத்திலும் அந்தக் கட்டம் வெறுமை. அதில் கடைசி 11 பக்கம் என் கையெழுத்து.

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில் நான் வேலை செய்கிறேன். அந்தக் கொப்பிக்குச் சொந்தக்காரரின் கதையை அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கிளினிக்கில் கூப்பிடுவது போலவே இங்கேயும் அவரை அக்கா என்றே சொல்கிறேன்.

வந்தபோது இருந்த நிலை

அக்காவுக்கு வயது 46. உயரம் 152 சென்ரிமீற்றர். 19 வயதில் பேர் பதிந்து 22 வருஷம் கொழுந்து எடுத்தவர். முழங்கால் வலி பொறுக்க முடியாமல் 41 வயதில் வேலையை விட்டார். மகன் கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறான். மருமகள் கொழுந்தெடுக்க மலைக்குப் போகிறாள். இரண்டு பேரப்பிள்ளைகளை அக்கா வீட்டில் வைத்துப் பார்க்கிறார்.

அன்றைக்கு அவர் சொன்ன வருத்தம் முழங்கால்தான். ஏற்றத்தில் சமாளிக்கிறார், இறக்கத்தில் முடியவில்லை. லயத்து வீட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் படிகளில் பக்கவாட்டாக, நண்டு மாதிரி, ஒரு கையைச் சுவரில் ஊன்றித்தான் இறங்குகிறார். அதற்குப் பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு டொக்டரிடம் ஒரு கொப்பி. சீனிக்கும் பிரஷருக்கும் எங்களிடம் ஒரு கொப்பி. வயிற்றின் வலது பக்கம் பாரமாக இருக்கிறதென்று ஹட்டன் டவுனில் காசு கொடுத்து எடுத்த ஸ்கேனில் ‘ஈரலில் கொழுப்பு’ என்று எழுதியிருந்தது, அது இன்னொரு உறைக்குள். பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண் சொக்குகிறது என்றார். இரவில் விடும் குறட்டையைப் பற்றி மருமகள் சொன்னாள்: “மாமி திடீர்னு மூச்சை நிப்பாட்டுவாங்க டொக்டர். நான் எந்திரிச்சு உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பேன். அப்புறம் ஒரு தூக்கு தூக்கித்தான் மூச்சு வரும்.”

வருத்தம் ஐந்து, காகிதங்கள் மூன்று இடத்தில். சீனிக்கு மெட்ஃபோர்மினும் கிளிக்லசைட்டும், பிரஷருக்கு லோசாட்டன், கொலஸ்ட்ரோலுக்கு ஒன்று, முழங்கால் வலிக்கு ஒன்று, அந்த வலி மாத்திரை வயிற்றைக் கெடுக்காமலிருக்க இன்னொன்று. மூன்று மாத சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 8.4. பிரஷர் 156க்கு 96.

நிறையைப் பார்ப்போம் என்று திரும்பினால் அறையில் தராசு இல்லை. எங்கள் ஆஸ்பத்திரியின் ஒரே நல்ல தராசு மிட்வைஃப் மிஸ்ஸியின் அறையில் இருந்தது. கர்ப்பிணித் தாய்மாரையும் பிள்ளைகளையும் நிறுப்பதற்கு. இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். தோட்டப்புறத்தில் நிறை என்றால் ‘போதாது’ என்பதைக் கண்டுபிடிக்கத்தான் பார்ப்போம். அதில் தவறில்லை. 2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில்கூட தோட்டப் பிள்ளைகளில் 5 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய 32 வீதம் பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தார்கள். நாடு முழுவதற்கும் அது 17 வீதம். மெலிவையே நோயாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கொஞ்சம் சதை போட்ட அம்மா ஆரோக்கியமாகத் தெரிவார். எனக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கிறார்.

35 வயதுக்கு மேற்பட்டவர்களின் நிறையையும் பிரஷரையும் சீனியையும் இலவசமாகப் பார்க்க ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்கள் நாடெங்கும் இருக்கின்றன. ஆனால் அவை நோய் இன்னும் பிடிபடாதவர்களுக்கானவை. அக்கா ஏற்கெனவே கிளினிக் ஆள். அதனால் அங்கே போகவுமில்லை, இங்கே யாரும் நிறுக்கவுமில்லை.

தராசைத் தூக்கி வந்தோம். அக்கா செருப்பைக் கழற்றி ஏறினார். 80 கிலோ. எண்ணைப் பார்த்துவிட்டு, “ஸ்வெட்டருக்குக் கழிவு போடுங்க டொக்டர்” என்றார். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கிற வழக்கம். சிரித்தோம். பிறகு அவரே சொன்னார், “இருபத்திரெண்டு வருஷம் ஒரு நாளைக்கு மூணு தரம் கொழுந்தை நிறுத்தாங்க. என்னை இன்னைக்குத்தான் நிறுக்கிறாங்க.”

உயரத்தோடு சேர்த்துக் கணக்குப் பார்த்தால் உடற்திணிவுச் சுட்டி 34.6. உலகப் பொது அளவில் 25க்கு மேல் கூடுதல் நிறை, 30க்கு மேல் உடற்பருமன். நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு ஆபத்து அதற்கு முன்பே தொடங்கிவிடுவதால், 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 23ஐயும் 27.5ஐயும் தனி எல்லைகளாகக் குறித்தது. இடுப்புச் சுற்றளவு 104 சென்ரிமீற்றர். தெற்காசியப் பெண்களுக்கு 80ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், ஆண்களுக்கு 90. எனக்குக் கேட்டால், இந்த நாடா அளவுதான் சுட்டியைவிட நேர்மையானது. கையும் காலும் குச்சியாக, வயிறு மட்டும் முன்னே வந்த ஆண்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். சுட்டி அவர்களுக்கு 22 என்று காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும்.

ஒரு வாரம் கழித்து அக்கா பழைய பிஸ்கட் டின்னிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வந்தார். மகன் வயிற்றில் இருந்தபோது மிட்வைஃப் எழுதிக் கொடுத்தது. முதல் மாதங்களில் நிறை 47 கிலோ.

எப்படி ஏறியது

“மலைக்குப் போறப்ப சாப்பிட்ட அதே மூணு ரொட்டிதான் டொக்டர். ஒண்ணுகூடக் கூட்டல.” அவர் சொன்னது பொய்யில்லை. ஏறியதற்குக் காரணமே அதுதான்.

காலையில் மூன்று ரொட்டி, மத்தியானம் சோறு, இரவு மூன்று ரொட்டி. சரிவில் ஏறி இறங்கி, நாளுக்கு 18 கிலோ கொழுந்தை முதுகில் சுமக்கிற உடம்புக்கு இது அளவான சாப்பாடு. வீட்டு வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து பேரனுக்கு ஊட்டுகிற உடம்புக்கு அது மிச்சம். வேலையை விட்ட வருஷம் தைத்த சட்டைகள் ஒன்றுகூட இப்போது கை நுழைவதில்லை என்றார்.

மருமகளிடம் ஒரு ரொட்டிக்கு எடுக்கிற மாவை நிறுத்துப் பார்க்கச் சொன்னேன். சுமார் 60 கிராம் கோதுமை மா. தேங்காய்ப்பூவும் கல்லில் தடவுகிற எண்ணெயும் சேர்த்தால் ஒரு ரொட்டி ஏறக்குறைய 260 கலோரி. மா அரிசியைவிடச் சுலபம். விடியற்காலை பிரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, ஓட வேண்டிய வீட்டில் பத்து நிமிஷத்தில் சுட்டுக் கட்டிக்கொண்டு போகலாம், மத்தியானம் வரை பசி தாங்கும். தோட்டத்தில் அரிசியும் மாவும் கடனுக்குக் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்த காலத்திலிருந்து வந்த பழக்கம். மரக்கறிக்குப் பேர்போன மலையில் இருந்துகொண்டு மரக்கறி சாப்பிடுவதில்லை என்று வெளியூர் டொக்டர்கள் அலுத்துக்கொள்வார்கள். லீக்ஸும் கோவாவும் கரட்டும் லொறியேறிக் கொழும்புக்குப் போவதை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். வீட்டுப் பின்னால் நாலு பாத்தி போட்டவர்களும் அதை விற்றுத்தான் மா வாங்குகிறார்கள்.

ரொட்டியைவிட என்னை அதிர வைத்தது தேத்தண்ணி. அக்காவுக்கு ஒரு நாளைக்கு ஏழு கப். கப்புக்கு மூன்று கரண்டி சீனி, குவித்து. குவித்த கரண்டி ஒன்றில் 5 கிராம் வரும். 7, 3, 5 பெருக்கினால் 105 கிராம் சீனி, 420 கலோரி. உலக சுகாதார நிறுவனம் சேர்த்துக்கொள்ளும் சீனி நாளைக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25க்குள் இருந்தால் நல்லது என்கிறது. நீரிழிவு உள்ளவர் அந்த 25இன் நாலு மடங்கைக் குடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனோம். “சீனி சாப்பிடுறீங்களா” என்று நான் கேட்டிருக்கிறேன், “இல்ல டொக்டர்” என்று அவரும் சொல்லியிருக்கிறார். லட்டு, கேக் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்திருக்கிறார். தேத்தண்ணிச் சீனி அவர் கணக்கில் சீனியே இல்லை.

பேரப்பிள்ளைகள் மிச்சம் வைத்த கிறீம் பிஸ்கட், பாதி பணிஸ் இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீணாக்கக் கூடாது என்று வளர்ந்த தலைமுறை.

ஒரே கொழுப்பு, ஐந்து வருத்தம்

கொழுப்பை உடம்பு சும்மா அடுக்கி வைத்த மூட்டை என்று நினைத்த காலம் போய்விட்டது. அது இயங்குகிற இழையம். ஓமோன்களையும் அழற்சியை உண்டாக்கும் பொருட்களையும் இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். தோலுக்குக் கீழே உள்ளதைவிட, வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேர்வதுதான் தொல்லை. அங்கிருந்து கொழுப்பு நேரே ஈரலுக்குப் போகிறது. கொழுப்பேறிய ஈரல் இன்சுலின் சொல்வதைக் கேட்காமல் இரவு பகலாகக் குளுக்கோஸைக் கொட்டும். மிச்சக் கொழுப்பு கணையத்திலும் படிந்து, இன்சுலின் சுரக்கும் கலங்களை மந்தமாக்கும். இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழகத்தில் ரோய் டெய்லர் பல வருஷமாக எடுத்துச் சொல்வது இதைத்தான். அக்காவின் ஸ்கேனில் இருந்த ‘ஈரலில் கொழுப்பு’ம் எங்கள் கொப்பியில் இருந்த ‘நீரிழிவு’ம் ஒரே கதையின் முன்பின் பக்கங்கள். இரண்டும் வேறு வேறு உறைக்குள் கிடந்தன.

பிரஷருக்கு வருவோம். உடம்பில் கொழுப்பு கூடும்போது சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கிறது, நரம்புகள் இரத்தக் குழாய்களை இறுக்குகின்றன. கழுத்தைச் சுற்றிய கொழுப்பு தூக்கத்தில் மூச்சுக் குழாயை அடைக்கிறது. மூச்சு நிற்கும் ஒவ்வொரு தடவையும் ஒட்சிசன் குறைந்து, உடம்பு பதறி எழும்பும். பகல் தூக்கமும் காலையில் ஏறி நிற்கும் பிரஷரும் அதன் மிச்சம்.

முழங்கால் வெறும் பாரக் கணக்கு. அமெரிக்காவின் வேக் ஃபொரெஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் மெசியரின் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் விழும் சுமை ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது. அது சமதரையில் நடக்கும்போது. மலை இறக்கத்தில் தொடைத் தசைதான் பிரேக் பிடிக்க வேண்டும், மூட்டு இன்னும் அழுத்தப்படும்.

இவை தவிர, கூடுதல் கொழுப்போடு தொடர்புள்ள 13 வகைப் புற்றுநோய்களைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் பட்டியலிட்டது. மாதவிலக்கு நின்ற பிறகு வரும் மார்புப் புற்றுநோயும் கருப்பைப் புற்றுநோயும் அதில் உண்டு. அக்காவிடம் அன்றைக்கு அதை நான் சொல்லவில்லை. ஒரே நாளில் எவ்வளவைத்தான் ஒருவர் தலையில் ஏற்றுவது?

ஒரு துணைச் செய்தி. பிறக்கும்போது நிறை குறைந்த பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் இதய நோயும் நீரிழிவும் கூடுதலாக வருவதைப் பிரித்தானிய மருத்துவர் டேவிட் பார்க்கர் கவனித்தார். சிறுத்துப் பிறந்து, பிறகு பெருக்கிற உடம்பு இரட்டை ஆபத்தில் இருக்கிறது. எங்கள் மக்களில் எத்தனை பேர் சிறுத்துப் பிறந்தவர்கள் என்று சொல்லத் தேவையில்லை.

தேத்தண்ணியிலிருந்து தொடங்கினோம்

50 கிலோவுக்கு வாருங்கள் என்று சொல்லியிருந்தால் அக்கா அடுத்த மாதம் வந்திருக்கவே மாட்டார். பத்தில் ஒரு பங்கு, அதாவது 8 கிலோ, ஒரு வருஷத்துக்குள் போதும் என்றேன். அவரை ஆறுதல்படுத்தச் சொன்ன எண் அல்ல அது. அமெரிக்காவில் நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களை வைத்துச் செய்து 2002இல் வெளிவந்த பெரிய ஆய்வில் இலக்கு 7 வீத நிறைக் குறைப்பும் வாரத்துக்கு 150 நிமிஷ உடல் உழைப்பும் மட்டுமே. நீரிழிவு வருவது 58 வீதம் குறைந்தது. மெட்ஃபோர்மின் மாத்திரை தனியே 31 வீதம்தான் குறைத்தது. பிரித்தானியாவில் 2017இல் வெளியான இன்னோர் ஆய்வில், நீரிழிவு வந்து 6 வருஷத்துக்குள் இருந்தவர்களில் 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 வீதத்தினருக்கு மாத்திரையில்லாமலே சீனி கட்டுக்குள் வந்தது. ஆனால் அவர்கள் பல மாதம் நாளைக்கு ஏறக்குறைய 850 கலோரியில், விசேஷமாகத் தயாரித்த பானங்களில் இருந்தார்கள். அது எங்கள் லயத்துக்கு ஒத்துவராது, நான் முயலவுமில்லை.

முதல் மாதம் தேத்தண்ணி மட்டும். சீனி போடாத சாயம், பக்கத்தில் சுண்டுவிரல் நகத்தளவு கித்துள் கருப்பட்டி, நாளைக்கு மூன்று தரம். கருப்பட்டியும் சீனிதான், அதிலே மருந்து ஒன்றும் இல்லை. ஆனால் கடித்துக் குடித்தால் கொஞ்சத்தில் ஆசை தீருகிறது. இரண்டாம் மாதம் ரொட்டி மூன்று என்பது இரண்டாயிற்று, காலையிலும் இரவிலும். குறைந்த இடத்துக்குப் பருப்பு, கடலை, அல்லது ஒரு முட்டை, அதோடு ஒரு கோப்பை கீரையோ கோவாவோ. மருமகள்தான் இதில் கெட்டிக்காரி. கோவாவைப் பொடியாக அரிந்து மாவோடு பிசைந்து ரொட்டி சுட்டாள், மாவு குறைந்தது, ரொட்டியின் அளவு குறையவில்லை. கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்துக் கொட்டிவிட்டுச் சமைத்தார்கள், உப்பு குறையட்டும் என்று.

நடக்கச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. ரோட்டுக்குப் போக வேண்டுமென்றாலே இறக்கம், மழைக்காலத்தில் அட்டைக்கடி வேறு. ஆகவே முதலில் இஸ்தோப்பு வாங்கில். கையை ஊன்றாமல் பத்துத் தரம் உட்கார்ந்து எழும்புவது, காலையிலும் மாலையிலும். தொடைத் தசை பலப்பட்டால் முழங்காலுக்குத் துணை. மூன்றாம் மாதத்திலிருந்து ஸ்டோர் ரோட்டில் சமமாக உள்ள துண்டில் அரை மணி நேரம்.

எங்கள் பிழை

ஐந்தாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. அக்கா விரதம். காலையில் மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு சாயத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு மாரியம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறார். பூசை முடியும் முன்பே உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, வாய் குழறிக் கீழே உட்கார்ந்துவிட்டார். சாமி வந்துவிட்டது என்று ஒருவர் தண்ணீர் தெளித்தாராம். மருமகளுக்கு மட்டும் சந்தேகம். த்ரீவீலில் ஏற்றி வந்தாள். விரலில் குத்திப் பார்த்தால் சீனி 52. சீனி நிறையப் போட்டு ஒரு கப் தேத்தண்ணி கொடுத்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்தார். கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இதைத்தானே வேணாம்னீங்க?”

தவறு என்னுடையது. மெட்ஃபோர்மின் தனியாகச் சீனியை இப்படி விழுத்துவது அரிது. கிளிக்லசைட் அப்படியல்ல, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை எடுக்கும். 105 கிராம் சீனி குடித்த ஆளுக்கு எழுதிய அளவை, 15 கிராமுக்குக் கீழே வந்த ஆளுக்கும் அப்படியே விட்டிருந்தேன். சாப்பாட்டைக் குறைக்கச் சொன்ன அன்றே அதைக் குறைத்திருக்க வேண்டும். விரதம் பற்றியும் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு அதைப் பாதியாக்கி, நாலாம் மாதம் நிறுத்தினோம். கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், இன்சுலின் எடுக்கிறவர்கள் டொக்டரிடம் சொல்லாமல் சாப்பாட்டை வெட்டக் கூடாது என்று இப்போது எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அடுத்த தடங்கல் அக்கம்பக்கம். நாலாம் மாதம் 5 கிலோ குறைந்து முகம் ஒடுங்கியதும், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பேச்சு. “என்ன இப்படி வத்திப் போயிட்ட? சீனி முத்திடுச்சா?” மூன்று வாரம் அக்கா பழைய ரொட்டிக்கே திரும்பினார். ஒன்றரைக் கிலோ ஏறியது. அந்தப் பேச்சை மூடத்தனம் என்று தள்ள முடியாது. முயலாமல் நிறை இறங்கினால் கட்டுப்படாத நீரிழிவோ காசநோயோ புற்றுநோயோ இருக்கலாம், அதை அந்தப் பெண்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். வித்தியாசம் எண்களில் தெரியும். அக்காவுக்குச் சீனியும் நிறையோடு சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. அதைக் கொப்பியில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் அவர் கொப்பியை நீட்டினாராம்.

ஒன்பதாம் மாதம்

71.6 கிலோ. 8.4 கிலோ குறைந்திருந்தது. இடுப்பு 95. சுட்டி 31, அதாவது அட்டவணைப்படி அக்கா இன்னும் பருமன்தான். ஆனால் எச்பிஏ1சி 6.8, மெட்ஃபோர்மின் மட்டும் போட்டுக்கொண்டு. பிரஷர் 136க்கு 84, அதே லோசாட்டனோடு. ஒரு கிலோ குறைந்தால் பிரஷரின் மேல் எண் சுமார் ஒரு புள்ளி இறங்கும் என்பது ஆய்வுகளின் சராசரி. அந்தக் கணக்கில் 8 புள்ளிதான் நிறைக்குச் சேர வேண்டும். மிச்சம் உப்புக் குறைந்ததாலும் தூக்கம் சீரானதாலும் இருக்கலாம், உறுதியாகப் பிரித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை. மூச்சு நிற்பது அநேகமாக இல்லை என்றாள் மருமகள், குறட்டை இருக்கிறதாம். ஸ்கேன் மறுபடி எடுக்கவில்லை, காசு. 10 வீதம் குறைந்தவர்களின் ஈரலில் கொழுப்போடு அழற்சியும் பெரும்பாலும் தணிவதை ஆய்வுகள் காட்டுவதால் எனக்கு நம்பிக்கை உண்டு.

முழங்கால் எக்ஸ்றேயில் ஒரு மாற்றமும் இல்லை. தேய்ந்தது தேய்ந்ததுதான். ஆனால் ஓர் அடிக்கு 33 கிலோவுக்கு மேல் சுமை குறைந்திருக்கிறது, கிட்டத்தட்ட இரண்டு நாள் கொழுந்து. வலி மாத்திரை இப்போது வாரத்துக்கு ஒன்று, சில வாரம் அதுவும் இல்லை.

கலோரிக் கணக்குப்படி அவர் இன்னும் கூடுதலாகக் குறைந்திருக்க வேண்டும். உடம்பு கணக்குப் புத்தகம் இல்லை. நிறை இறங்க இறங்கப் பசி ஓமோன் கூடும், சும்மா இருக்கும்போது எரிக்கிற சக்தியும் குறையும். தீபாவளிக்கு மகன் வந்து நின்ற பத்து நாளில் ஒரு கிலோ ஏறியது. பதினோராம் மாதம் 72.9. அதற்காக நான் அவரை ஏசவில்லை. ஒருவரின் கதை இது, மருந்தை எல்லோருக்கும் இப்படிக் குறைக்க முடியும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நீரிழிவு பல வருஷம் பழகிவிட்டவர்களுக்கு நிறை குறைந்தும் மாத்திரை தேவைப்படும்.

தராசு இப்போது செவ்வாய்க்கிழமை கிளினிக் வாசலில் இருக்கும். ஒரு மணிக்குள் மிட்வைஃப் மிஸ்ஸியிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், கொஞ்சம் பிந்தினாலும் ஆள் அனுப்பிவிடுவார். போன செவ்வாய் பன்னிரண்டே முக்காலுக்கு, தராசைத் தூக்கப் போகிற நேரம், அக்கா தன் நாத்தனாரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அந்த அம்மா ஏற மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏறு மைனி” என்றார் அக்கா, “ஸ்வெட்டருக்கு டொக்டர் கழிவு போடுவாரு.”